இடது பூட்ஸ்

ஹனுஸின் அப்பாவை அடக்கம் செய்த அன்று மாலை
யாரும் யாரையும் அழைக்காமலே
நாங்கள் நால்வரும் படகுக் கொட்டகைக்குப் போனோம்.
கறுப்பு உடுப்பு, ஒரு பிளாஸ்க் காபி,
கல்லறை மண் இன்னும் ஒட்டியிருந்த செருப்புகள்.
கொட்டகைக்குள் பழைய தார் வாசனை.
படகு கவிழ்ந்து கிடந்தது; அதன் முதுகில் சாய்ந்து நின்றோம்.

ஃபரோ தீவுகளில் ஜூன் மாதத்துக்கு இரவு கிடையாது.
வெளிச்சம் கொஞ்சம் சாம்பல் பூசிக்கொள்ளும், அவ்வளவுதான்.
அப்படியோர் இரவில், பதினாறு வயதில்,
ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்டதை
செவ்வாய்க்கிழமை சோதித்துப் பார்த்தோம்.

அலைமேல் நடந்த மீனவச் சீடனைப் பற்றிய பிரசங்கம்.
சந்தேகப்பட்டான், மூழ்கினான் என்றார் மூப்பர்.
"அப்படியானால் சந்தேகப்படாதவன்?" என்றான் ரோய்.
கேள்வி நியாயமாகத்தான் இருந்தது.
ஹனுஸ் துடுப்பு வலித்தான்.
மார்யுன் ஜெபித்தாள், ஒரு கண்ணைத் திறந்துவைத்து.
ரோய் படகின் விளிம்பில் ஏறி
பேருந்திலிருந்து இறங்குபவன் போல
கடலில் இறங்கினான்.

கடல் அவனை முழுதாக வாங்கிக்கொண்டது.
திரும்ப வந்தபோது இடது காலில் பூட்ஸ் இல்லை.
அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான்
கரை சேரும்வரை எங்கள் ஒரே இறையியல்.

முப்பத்தேழு வருடங்கள்.
ஹனுஸ் மீன் பண்ணையில் இருக்கிறான். அப்பாவைப் போலவே இருமுகிறான்.
மார்யுன் ஆஸ்பத்திரியில் இரவு வேலை; சாகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு
இப்போது இரண்டு கண்களையும் மூடி ஜெபிக்கிறாளாம்.
ரோய் சபைக்கு வருவதில்லை.
கடலடிச் சுரங்கச் சாலையில் விளக்கு பழுது பார்க்கிறான்;
அலைகளுக்குக் கீழே தினமும்
கால் நனையாமல் நடக்கிறான்.

"உன்னைப் பிடித்து இழுத்தது நான்," என்றான் ஹனுஸ்.
"நீ துடுப்பில் இருந்தாய். இழுத்தது நான்," என்றாள் மார்யுன்.
நான் பேசவில்லை. எனக்குத் தெரியும், இழுத்தது நான்.
எத்தனை ஞாயிறுகளில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருக்கிறேன்:
இந்தக் கையால் ஒருவனைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன்,
அப்போது என் கைக்குள் இன்னொரு கை இருந்தது, என்று.
கிழவிகள் அழுதிருக்கிறார்கள்.
என் விசுவாசத்தின் அஸ்திவாரக் கல்லே அதுதான்.

ரோய் காபியை ஊதிக் குடித்தான்.
"யாரும் இழுக்கவில்லை. நீங்கள் மூவரும் கத்திக்கொண்டிருந்தீர்கள்.
நானே விளிம்பைப் பற்றி ஏறினேன். நகம் பிய்ந்தது."
பிறகு என்னைப் பார்த்து,
"சுன்வா, உன் கைகள் காலியாகவே இல்லையே.
என் கண்ணாடி அல்லவா இருந்தது அவற்றில்!
முட்டையைப் பிடிப்பது போல, இரண்டு கையாலும்."

இருந்தது.
அந்தக் கணமே நினைவு வந்தது:
உப்புத் துளி தெறித்த சில்லு,
அதில் நான்காக உடைந்த வானம்.

மார்யுன்தான் முதலில் சிரித்தாள்.
"கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டா இறங்கினாய்?
அப்போதே சந்தேகம் உனக்கு!"
"பின்னே? புதுக் கண்ணாடி. சந்தேகம் நிறையவே இருந்தது."
கோப்பையின் அடியில் கிடந்த காபித் தூளைப் பார்த்துக்கொண்டே
"ஆனாலும் இறங்கினேன்," என்றான்.

அதற்கு நாங்கள் யாரும் பதில் சொல்லவில்லை.
மலைச் சரிவில் ஓர் ஆடு இருமியது, ஹனுஸைப் போல.
ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்றால்
எங்கிருந்து தொடங்குவது, ஆண்டவரே?
நீர் அங்கே இருந்தீரா,
அல்லது அவனுடைய பிய்ந்த நகத்தில் இருந்தீரா,
அல்லது எங்களைப் போல நீரும்
வெறுமனே கத்திக்கொண்டிருந்தீரா?

வெளியே தூறல். பாசி படிந்த கல் சரிவு.
ஏறத் தொடங்குமுன் ரோய்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
திரும்பிப் பார்க்காமலே பின்னால் நீட்டினான்.
"பிடி."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.